மின் பிரஷ் வாங்கினால் கையைச் சும்மா வைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின் பல்துலக்கி கை பிரஷ்ஷைவிட 21 சதவீதம் அதிகமாகச் சுத்தம் செய்யும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரை முடிகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் உள்ள எண்தான் அது. ஆனால் எதில் 21 சதவீதம் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. 51 பரிசோதனைகளில் பங்கேற்ற 4,624 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மின் பிரஷ் பயன்படுத்தியவர்களுக்கு முதல் மூன்று மாதங்களுக்குள் பற்படலம் (பல்லில் ஒட்டிப் படியும் கிருமிப் படலம்) 11 சதவீதமும், அதற்கு மேல் தொடர்ந்தவர்களிடம் 21 சதவீதமும் குறைவாக இருந்தது. ஈறழற்சியில் வித்தியாசம் முறையே 6, 11 சதவீதம்தான். படலத்துக்குச் சாயமேற்றி, அது பல்லை எவ்வளவு மூடியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பெண்ணில் கிடைத்த வித்தியாசம் இது. சொத்தை 21 சதவீதம் குறையும் என்று அதை வாசிக்கக் கூடாது.

வித்தியாசம் உண்மையானது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலனைப் பலர் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். மின் பிரஷ்ஷை வாயில் வைத்தபின்னும் பழைய பழக்கத்தில் முன்னும் பின்னும் தேய்ப்பதுதான் காரணம். அசைவை மோட்டார் பார்த்துக்கொள்ளும். பிரஷ்ஷை உரிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது மட்டுமே கையின் வேலை. வட்டத் தலை கொண்டதென்றால் ஒவ்வொரு பல்லாக, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் வைத்து ஓரிரு நொடி நிறுத்திவிட்டு அடுத்த பல்லுக்கு நகர்த்த வேண்டும். மிக வேகமாக அதிரும் சோனிக் வகையின் நீள் தலையை ஈறு நோக்கி 45 பாகை சாய்த்து, மெதுவாக நகர்த்தினால் போதும். அழுத்தினால் நார்கள் மடங்கி அசைவு குறைந்துவிடும், ஈறும் புண்படும். அழுத்த உணரி இருந்தால் அதன் விளக்கை மதியுங்கள். புதுத் தலையின் நார்கள் மூன்று மாதத்துக்குள்ளேயே விரிந்துபோனால், அழுத்தம் அதிகம் என்று பொருள்.

என் கணிப்பில், மோட்டாருக்கு நிகராக உதவுவது அதிலுள்ள நேரக் கருவி. ஞானப்பல் நீங்கலாக 28 பற்கள். இரண்டு நிமிடத்தைப் பங்கிட்டால் ஒரு பல்லுக்கு நான்கு நொடிக்குச் சற்று அதிகம். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பல மாடல்கள் 30 நொடிக்கு ஒருமுறை அதிர்ந்து, வாயின் அடுத்த கால்பகுதிக்குப் போகச் சொல்லும். கை பிரஷ்ஷில் பெரும்பாலும் விடுபடுவது கீழ்ப்பற்களின் நாக்குப் பக்கமும் கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்புறமும்தான். மென்மையான நார், 45 பாகைச் சாய்வு, சிறு அசைவு, கடிகாரம் பார்த்து இரண்டு நிமிடம்: இவை இருந்தால் கை பிரஷ்ஷும் நன்றாகவே சுத்தம் செய்யும். எங்கே விடுபடுகிறது என்று தெரிய வேண்டுமா? படலத்தைச் சிவப்பாகக் காட்டும் சாய மாத்திரையைத் துலக்கிய பிறகு மென்று, வாயைக் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். இரு வகைப் பிரஷ்ஷையும் இப்படிச் சோதித்துவிட்டுச் செலவு செய்வது நல்லது.

விரல் மூட்டு வலி, நடுக்கம் உள்ளவர்களுக்கும், பிறருக்குத் துலக்கிவிடுபவர்களுக்கும் மின் பிரஷ்ஷையே தயங்காமல் பரிந்துரைப்பேன். தடித்த கைப்பிடியைப் பிடிப்பது எளிது, நுணுக்கமான கையசைவும் தேவையில்லை.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை சில. துலக்கியதும் தலையைக் கழற்றிக் கழுவி, நிமிர்த்தி உலரவிடுங்கள். தலையும் தண்டும் சேருமிடத்தில் பேஸ்ட் தேங்கிக் கறுப்பாகப் படியும். மின்கலம் தளர்ந்தால் அசைவும் தளரும். தலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாங்கும்போதே மாற்றுத் தலையின் விலையையும் விசாரித்துவிடுங்கள்.

கட்டுரை தொடாத ஒன்று பல்லிடுக்கு. இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்துக்குள் எந்தப் பிரஷ்ஷின் நாரும் நுழையாது. அங்கே பல்லிடை நூல் வேண்டும், இடைவெளி இருந்தால் இடுக்குப் பிரஷ். படலம் இறுகிக் கெட்டியாகிவிட்ட காரையையும் எந்தப் பிரஷ்ஷாலும் பெயர்க்க முடியாது. ஒழுங்காகத் துலக்கியும் இரண்டு வாரத்துக்கு மேல் ஈறில் ரத்தம் கசிந்தால், பிரஷ்ஷை மாற்றிப் பார்ப்பதை விட்டுப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
பல் மருத்துவரான ஒரு வாசகர்