இறந்தவர்களின் நாக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவிட் காலத்தைத் திரும்பிப் பார்க்கும் தங்கள் ஞாயிறு மலர்க் கட்டுரையில், மருத்துவமனையில் இறந்த இனிப்பு நீர் (நீரிழிவு) நோயாளிகள் பெரும்பாலும் “நாக்கைக் கட்டத் தெரியாமல் உயிரை விட்டவர்கள்” என்று ஒரு வரி வந்திருக்கிறது. எழுதியவர் யாராகவும் இருக்கட்டும், அச்சேற்றியவர் தாங்கள். இறந்தவர்கள் மறுப்புக் கடிதம் எழுதமாட்டார்கள் என்ற துணிச்சல் போலும்.

அந்தக் கணக்கில் என் தம்பியும் ஒருவன். லோரி ஓட்டியவன். கடையில் உட்கார்ந்தால் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் தவிர வேறு கேட்டதில்லை. அரசாங்கக் கிளினிக்கில் மருந்து எடுக்கும் தேதியைத் தவறவிட்டதும் இல்லை. 2021 ஜூலையில், கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகளில் கட்டில் கிடைக்காமல் மக்கள் தவித்த நேரத்தில், மூச்சுத் திணறலோடு அவனைக் கொண்டுபோனார்கள். வீட்டில் ஏழு, எட்டு மில்லிமோல் என்று இருந்த சர்க்கரை வார்டில் இருபதைத் தாண்டியது. அங்கே அவனுக்கு லட்டு ஊட்டியது யார் என்பதைத் தங்கள் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

எங்களுக்குச் சொன்னவர் வார்டு டாக்டர், அதுவும் தொலைபேசியில். கடுமையான தொற்று வந்தால் உடம்பே சர்க்கரையை ஏற்றிவிடும், இருக்கிற இன்சுலினும் சரியாக வேலை செய்யாது என்றார். போதாததற்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு சொன்ன பிறகு உலகமெங்கும் கொடுத்த மருந்து. சர்க்கரையை ஏற்றுவதும் அதே மருந்துதான். கொடுக்காமலும் இருக்க முடியாது. கொடுத்தால் விரலைக் குத்திக் குத்திப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். அந்த ஜூலையில் தாதியர் எத்தனை கட்டிலுக்குத்தான் ஓடுவார்கள்? அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதியவர் மீதுதான்.

முதல் அலையின்போது இங்கிலாந்து மருத்துவமனைகளில் கோவிட்டால் இறந்தவர்களில் மூன்றில் ஒருவர் இனிப்பு நீர் உள்ளவர் என்பது 2020இலேயே வெளியான செய்தி, தாங்கள் அறியாததல்ல. வயது முதலியவற்றைக் கழித்துப் பார்த்தபோது, இந்நோய் இல்லாதவரைவிட இரண்டாம் வகையினருக்கு இறக்கும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு, முதல் வகையினருக்கு மூன்றரை மடங்கு. முதல் வகை சிறு வயதிலேயே வரக்கூடியது. தின்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளைப் பருவத்திலேயே அது வந்தவர்கள் எந்த நாக்கைக் கட்டியிருக்க வேண்டும்?

கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. சர்க்கரை மிக அதிகமாக இருந்தவர்களுக்கு ஆபத்தும் கூடியது உண்மை. ஆனால் பிரான்சில் மருத்துவமனையில் சேர்ந்த இனிப்பு நீர் நோயாளிகளைக் கவனித்த ‘கொரோனாடோ’ ஆய்வில், முதல் வாரத்திலேயே இறந்தவர்களிடம் மேலோங்கித் தெரிந்தவை முதிர்ந்த வயதும், நோய் ஏற்கெனவே அரித்துவிட்ட இரத்தக் குழாய்களும். முந்தைய மாதங்களின் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் எச்பிஏ1சி அளவு அங்கே தீர்ப்பு சொல்லவில்லை. இவ்வளவையும் ஒரு வரியில் அடக்க முடியாதுதான். வசையை மட்டும் அடக்க முடிந்திருக்கிறது.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. அந்நாட்களில் சுகாதார அமைச்சின் அறிக்கையிலிருந்து இறந்தவரின் வயதையும் “இனிப்பு நீர், இரத்த அழுத்தம்” என்ற வரியையும் எடுத்துப் போடுவீர்கள். “ஓ, இனிப்பு நீரா!” என்று பக்கத்து வீட்டார் நிம்மதியாகப் பத்திரிகையை மடித்து வைப்பார்கள். 2019 தேசிய ஆய்வின்படி நம் மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இந்நோய். அதிலும் நம் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். யாரைப் பார்த்து அந்த நிம்மதி?

நாக்கைக் கட்டச் சொன்ன பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே, இனிப்பு நீரை வேரோடு அறுக்கும் சூரண விளம்பரம், அரைப்பக்கத்துக்கு. அதை நிறுத்தச் சொல்லி முன்பே எழுதியிருக்கிறேன். வெளியிடவில்லை, இடநெருக்கடியாக இருந்திருக்கும்.

ஆகவே பெரிதாக எதுவும் கேட்கப் போவதில்லை. தமிழ்நாட்டு இதழ்களிலிருந்து எடுத்துப் போடும் மருத்துவக் குறிப்புகளில் சர்க்கரை அளவு 140, 200 என்று மில்லிகிராமில் வருகிறது. இங்கே நம் கிளினிக்கிலும் வீட்டுக் கருவியிலும் 7.8, 11.1 என்று மில்லிமோலில்தான் காட்டும். எங்கள் சித்தி கருவியில் 18ஐப் பார்த்துவிட்டு, “பேப்பரில் 200 வரை போட்டிருக்கிறானே” என்று காய்ச்சலோடு படுத்துக்கொண்டார். 18 என்றால் அந்தக் கணக்கில் 324. அன்று நல்லவேளை, மகள் வீட்டில் இருந்தாள்.

இனிமேல் மில்லிமோலில் போடுங்கள். பழைய எண்ணை 18ஆல் வகுத்தால் போதும். தங்கள் அலுவலகத்தில் அதற்கு நேரமில்லை என்றால் அனுப்பி வையுங்கள், நான் வகுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
செந்தூல், கோலாலம்பூர்