அந்த நீல முத்திரைக்கு நன்றி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உறவுகளுக்கு வணக்கம்.

நேற்று மாலை நாலேகாலுக்கு மகளின் கைபேசியில் செய்தி வந்தது. உதவித்தொகை கிடைத்துவிட்டது. கட்டணம், புத்தகம், பஸ் செலவு எல்லாம் அதில் அடங்கும். இயற்பியல் மூன்றாம் ஆண்டை முடித்துவிடுவாள். என் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை, அப்படியே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்த எட்டு மாதம் எப்படிப் போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோயிலிலிருந்து அரிசி பருப்பு அனுப்பியவர்கள், விடியற்காலையில் அவளை பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இறக்கிவிட்ட பக்கத்து வீட்டு அண்ணன், கடிதம் எழுதித் தந்த பேராசிரியர்கள், ஆய்வகக் குறிப்பைப் பகிர்ந்துகொண்ட தோழி, வந்து பேசாமல் பாத்திரம் கழுவி வைத்துப் போன அக்காமார், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இன்னொருவரை உங்களில் பலருக்குத் தெரியாது. நகல் எடுக்கும் கடைத் தாத்தா.

விண்ணப்பத்துக்கு அன்று கடைசி நாள். லோட் ஷெட்டிங், மின்வெட்டு நேரம். தெருவே இருட்டு. அவர் கடையில் மட்டும் பேட்டரி விளக்கு எரிந்தது. பதினேழு தாளையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தார். மதிப்பெண் பட்டியல் வந்ததும் கை நின்றது. 'குவாண்டம் மெக்கானிக்ஸ்' என்ற வரிக்குக் கீழே விரலை மெல்ல ஓட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தாள் நான் எழுதிக் கொடுத்த அஃபிடவிட், போலீஸ் நிலைய முத்திரை வேண்டிய உறுதிமொழிப் பத்திரம். முத்திரை எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்கு அடிவயிறு கலங்கியது.

ஷட்டரை இறக்கினார். தன் பழைய பக்கியில் (சின்னச் சரக்கு வண்டி) என்னை ஏற்றிக்கொண்டு போலீஸ் நிலையம் போனார். வரிசையில் எனக்குப் பின்னால் நாற்பது நிமிடம் நின்றார். முத்திரை விழுந்ததும் தாளை உள்ளங்கையில் ஏந்தி, நீல மை கலையாமல் ஊதி ஊதிக் காயவைத்தார். நள்ளிரவுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. காசு நீட்டினேன், வாங்கவில்லை.

திரும்பும் வழியில்தான் சொன்னார். 1961-ல் இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில், ஒரு கல்லூரி திறந்தார்களே, அங்கே படகேறிப் போய்க் கணக்கும் இயற்பியலும் படித்தவராம். ஒன்றரை வருடம்தான். அப்பா போனதும் துணி ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய்விட்டார். "பாப்பா முடிக்கட்டும்" என்றார். அதுவரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவர், அதை மட்டும் தமிழில் சொன்னார்.

இதிலே எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. கணக்கியலுக்கும் பொறியியலுக்கும் கம்பெனிகள் பணம் கட்டிப் படிக்கவைக்கின்றன, படித்ததும் வேலைக்கும் எடுத்துக்கொள்கின்றன. இயற்பியல் பிள்ளைக்கு அப்படிக் காத்திருப்பவர்கள் குறைவு. அரசின் மாணவர் நிதி உதவிக்கு வீட்டு வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டைத் தாண்டக்கூடாது. அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் குடும்பத்தில் ஒரு சம்பளம் நின்றால் போதும், பிள்ளையின் படிப்பும் ஆட்டம் கண்டுவிடும். பல பாடங்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். ஒரு அரையாண்டு விட்டால் ஒரு வருடமே போய்விடும். மதிப்பெண்ணோடு வீட்டு நிலைமையையும் பார்த்துக் கொடுக்கும் உதவித்தொகை இன்னும் நிறைய வேண்டும்.

காரூ என்ற வறண்ட நிலப்பகுதியில் மீர்காட் ரேடியோ தொலைநோக்கியின் 64 தட்டுகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அங்கே வேலை செய்ய வேண்டும் என்பது மகளின் ஆசை. இனி பட்டத்துக்குப் பிறகு படிக்கும் ஆனர்ஸ் ஒரு வருடம், அதற்கு மேலும் படிப்பு இருக்கிறது. பார்ப்போம்.

நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். ஜனவரியிலிருந்து சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்காரப் போகிறேன். விண்ணப்பம் நிரப்ப வேண்டிய பிள்ளைகள் வரலாம், எந்தப் படிப்பானாலும் சரி. அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியல், பெற்றோரின் சம்பளச் சீட்டு கொண்டு வாருங்கள். முத்திரை இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன். ஸ்கேன் செய்யத் தாத்தாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.