கண்ணுக்கு ஒரே எழுத்து, கணினிக்கு இரண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரஷ்ய எழுத்துகளைக் கணினி எப்படிச் சேமிக்கிறது என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையை யாங்கூனிலிருந்து படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் ஒரே எழுத்தைப் பல விதமாகச் சேமிக்கிற அதே சிக்கல் தமிழுக்கும் இருக்கிறது, உங்கள் பழைய இதழ்களில் தேடும்போதே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக்கில் ‘குறுகிய இ’ என்று ஓர் எழுத்து உண்டு, அவர்களுடைய ‘இ’யின் தலைமேல் சின்னப் பிறை வைத்த மாதிரி இருக்கும். ரஷ்ய கீபோர்டில் ஆங்கிலக் கியூ இருக்கிற விசைதான் அதற்கு. கணினி எழுத்துகளை எண்களாகத்தான் சேமிக்கும், முன்பெல்லாம் அதற்குப் பல முறைகள்: கோய்-8 முறையில் இந்த எழுத்தின் எண் 202, விண்டோஸ் 1251-இல் 233, ஒன்றில் எழுதியதை இன்னொன்றாக நினைத்துத் திறந்தால் பக்கம் முழுக்கக் குப்பை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவாக எண் கொடுக்கும் யூனிக்கோடு 1081 என்று ஒரே எண்ணைக் கொடுத்தது. சரி, அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. வெறும் ‘இ’யின் எண் 1080, பிறைக்குறியின் எண் 774, இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே எழுத்துதான் வரும். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை கோப்புப் பெயர்களை இப்படிப் பிரித்துத்தான் வைத்தது.

நம் ‘மோ’வும் இப்படித்தான். மகரத்துக்குப் பின் ஓகாரக் குறியை 3019 என்று ஒரே எண்ணாக வைக்கலாம், இரட்டைக்கொம்பு 3015, கால் 3006 என்று இரண்டாகவும் வைக்கலாம். இரண்டும் சமம் என்று யூனிக்கோடே சொல்கிறது, ஆனால் அதைக் கவனிக்காமல் செய்த தேடலில் மோல்மேன் என்று எங்கள் பர்மிய ஊரின் பெயரை அடித்தால் பாதிச் செய்தி கண்ணில் படாது. இதைவிடக் கொடுமை ‘கௌரி’. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் போட்டு அடிப்பவர்கள் நிறையப் பேர், பார்க்க வித்தியாசமே தெரியாது, யூனிக்கோடு கணக்கில் அது வேறு சொல்.

பர்மாவில் இருப்பவர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். ஜாஜி எழுத்துரு யூனிக்கோடின் பர்மிய எண்களையே எடுத்துக்கொண்டு வேறு விதமாகப் பயன்படுத்தியது, நம் கொம்பு போல இடப்பக்கம் நிற்கும் குறியை மெய்க்கு முன்னால் சேமித்தது, யூனிக்கோடு பின்னால் சேமிக்கிறது, போதாததற்கு ஷான், மொன், கரேன் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களையும் பிடித்துக்கொண்டது. 2019 அக்டோபர் 1 அன்று அரசு யூனிக்கோடுக்கு மாறச் சொன்ன பிறகும் பழைய கோப்புகளை மாற்றுவது பெரிய பாடாக இருந்தது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், 1942-இல் இந்தியாவுக்கு நடந்தே போனவர்கள், 1960-களில் கப்பலேறிப் போனவர்கள் என்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பக்கம் உறவு இருக்கிறது. ஒரு பெரியவர் காலமான செய்தி உங்கள் பத்திரிகையில் வந்திருக்கும், பேரப்பிள்ளைகள் இங்கிருந்து பெயரையும் ஊரையும் அடித்துத் தேடுவார்கள், செய்தி அங்கேயே இருக்கும், கிடைக்காது.

ஆகவே சேமிக்கும் செய்தியையும் வாசகர் தேடும் சொல்லையும் சேர்ந்த வடிவத்துக்கு, அதாவது என்எஃப்சி என்கிற முறைக்கு, மாற்றிய பிறகு ஒப்பிடச் சொல்லுங்கள், நிரலாளருக்கு இது பெரிய வேலை இல்லை. கொம்பும் ளகரமும் விவகாரம் அதில் திருந்தாது, அதற்குப் பிழை திருத்துபவர்தான் உட்கார வேண்டும். முதலில் மரண அறிவித்தல்களை எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் மற்றவை.

இப்படிக்கு,
யாங்கூன் வாசகர்