சிவதாபுரம் கொலுசுப் பட்டறைக்காரங்களுக்கு: பாப்பா கண்ணுக்கு சேர்த்த பணம் பத்தி

சிவதாபுரம், பனங்காடு பட்டறை ஓனருங்க, கூலிக்கு வேல பாக்குற அண்ணன் அக்காங்க, கோயில் கமிட்டி ஆளுங்க எல்லாருக்கும் வணக்கம்ங்க.

பாப்பாவோட சித்தப்பா எழுதுறேன். நீங்க சேர்த்த பணம் எட்டு லட்சத்த தாண்டிருச்சு. வெள்ளி வெல ஏறி பாதி நாளு பட்டறையில வேல இல்லாம உக்காந்திருக்கற நேரத்துல, வாரக் கூலியில நூறு எரநூறுன்னு எடுத்துப் போட்டிருக்கீங்க, அது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த மடல் நன்றி சொல்றதுக்கு இல்லீங்க. அந்தப் பணத்த, ஸ்டெம்செல் (வேற வேற செல்லா மாறக்கூடிய மூல செல்லு) ஊசி போடுற வெளி மாநிலத்து கிளினிக்குக்கு அனுப்ப வேண்டாம்னு கேக்கத்தான் எழுதுறேன். எங்க அண்ணனுக்கு இதுல கோவம் இருக்கு, அவருகிட்ட சொல்லிட்டுதான் எழுதுறேன்.

பாப்பாவுக்கு இருக்கறது லீபர் கன்ஜெனிட்டல் அமரோசிஸ்ங்கற நோயா இருக்கும்னு கண் டாக்டர் சொல்லிருக்காங்க. நீங்களே பாத்திருப்பீங்க, பட்டறை வாசல்ல உக்காந்திருக்கும்போது ரெண்டு கையையும் முஷ்டியா மடக்கி கண்ணுக்குள்ள அமுக்கிக்கிட்டே இருப்பா, கைய எடுத்து விட்டா திரும்பவும் அமுக்குவா. சேட்டை இல்லீங்க அது, இந்த நோய் இருக்கற பிள்ளைங்க செய்யறதுதான், விழித்திரைய அப்படி அழுத்தினா ஏதோ வெளிச்சம் மாதிரி தெரியுமாம். கண்ணு வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள விழித்திரையில ஏதோ ஒரு ஜீன் (மரபணு) வேல செய்யாது. இருவதுக்கும் மேல ஜீன் இருக்கு, அதுல எது கெட்டாலும் வர்றது இந்த ஒரே பேருதான்.

பாப்பாவுக்கு எந்த ஜீன்னு இன்னும் யாருக்கும் தெரியாது, டெஸ்ட்டே எடுக்கல. ஆனா அந்த கிளினிக் அதக் கேக்கவே இல்ல. போன்ல ரிப்போர்ட்ட அனுப்பினோம், மறுநாளே பதினெட்டு லட்சம், நாலு சிட்டிங், ரெண்டு கண்ணுக்கும் முதுகுத்தண்டுலயும் ஊசின்னு கொட்டேஷன் வந்துருச்சு. கூட நாலு வீடியோ, பிள்ளைங்க பொம்மைய பாத்து கை நீட்டுற மாதிரி. பாரத்துல கடைசி பக்கத்துல பொடி எழுத்துல, பலன் கிடைக்கும்னு உறுதி இல்ல, கட்டின பணம் திரும்பாதுன்னு போட்டிருக்கு. ஒருத்தன் வெள்ளின்னு சொல்லி கட்டிய நீட்டினா டச் (எவ்வளவு சுத்தம்னு) பாக்காம வாங்குவீங்களா நீங்க?

"பரிசோதனை சிகிச்சைன்னா அப்படித்தான் இருக்கும்"னு கமிட்டியில ஒருத்தர் சொன்னாரு. இல்லீங்க. நம்ம நாட்டுல ஐ.சி.எம்.ஆர்.-ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-லயே ஸ்டெம்செல்லுக்கு வழிமுறை போட்டிருக்கு, சில ரத்த நோய் மாதிரி ஒத்துக்கிட்ட சிலதத் தவிர மத்த எல்லாத்தையும் முறையான ஆராய்ச்சிக்குள்ள மட்டும்தான் செய்யணும், அந்த ஆராய்ச்சி செலவ நோயாளி தலையில கட்டக்கூடாது. சி.டி.ஆர்.ஐ.-ங்கற அரசாங்கப் பதிவேட்டுல பதியணும். அந்த கிளினிக்குல பதிவு நம்பர் கேட்டேன், அப்புறம் போனே எடுக்கல. நம்பர் இருந்தா மட்டும் நம்பிடலாம்னும் இல்ல, அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல வயசான அம்மாங்க மூணு பேரு ஆளுக்கு 5,000 டாலர் கட்டி, ஒடம்புக் கொழுப்புல இருந்து எடுத்த செல்ல ரெண்டு கண்ணுலயும் ஒரே நாள்ல ஊசி போட்டுக்கிட்டாங்க, அந்த ஊர் பதிவேட்டுல பேரு இருந்ததால ஆராய்ச்சின்னு நம்பி போனவங்களும் அதுல உண்டு. இருந்த பார்வையும் போச்சு. 2017-ல மருத்துவப் பத்திரிகையில வந்த விஷயம்.

இப்ப இன்னொண்ண பாருங்க. லண்டன்ல ஏ.ஐ.பி.எல்.1-ங்கற ஜீன் கெட்டுப்போன நாலு சின்னப் பிள்ளைங்களுக்கு ஜீன் மருந்து குடுத்தாங்க, 2025-ல முடிவு வெளிய வந்துச்சு, பார்வையில நல்ல முன்னேற்றம். ஆனா மொதல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கண்ணுலதான் குடுத்தாங்க, தப்பாப் போனா இன்னொண்ணாவது மிஞ்சட்டும்னு. எந்த ஜீன்னு தெரிஞ்சுக்கிட்டுதான் குடுத்தாங்க. பரிசோதனைன்னா அது. பாப்பாவுக்கு வெளிச்சம் இருட்டு தெரியுது, ஜன்னல் பக்கம் மூஞ்சிய திருப்புறா. அந்தக் கொஞ்சத்தையும் பணயம் வைக்க எனக்கு மனசு வரல.

நாமக்கல் பக்கம் 16 கோடி ரூபா ஊசிக்கு ஜனங்க சேர்ந்து பணம் கட்டலையான்னு கேக்கறீங்க. கட்டினாங்க, நானும் போட்டேன். ஆனா அது முதுகுத்தண்டு தசை நோய்க்குன்னு முறையா சோதிச்சு அனுமதி வாங்கின மருந்து, வேல செய்யும்னு தெரிஞ்ச மருந்து. கண்ணுக்கும் அப்படி ஒண்ணு இருக்கு, லக்ஸ்டர்னான்னு பேரு, 2017 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி ஆச்சு, ஆர்.பி.இ.65 ஜீன் கெட்டவங்களுக்கு மட்டும். ரெண்டு கண்ணுக்கும் 8,50,000 டாலர் வெல வச்சாங்க, நம்ம காசுக்கு ஏழு கோடிக்கு மேல ஆகிடும். பாப்பாவுக்கு அந்த ஜீனா இருந்தா, விழித்திரையில உயிரோட செல்லு மிச்சம் இருக்கான்னு டாக்டர் பாத்து சொல்லட்டும், அப்ப நானே உண்டியல தூக்கிக்கிட்டு ஏற்காடு அடிவாரத்துல இருந்து கொண்டலாம்பட்டி வரைக்கும் நடக்கறேன்.

அதனால மொத செலவு ஜீன் டெஸ்ட். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மாதிரி எடத்துல ரத்தம் எடுத்து, உக்கார வச்சு விளக்கியும் சொல்றாங்க. அண்ணன் அண்ணிக்கும் சேர்த்து எடுக்கணும், ஏன்னா அண்ணி எங்க அக்கா பொண்ணுதான், சொந்தத்துல கட்டினது. பெரும்பாலும் அப்பா அம்மா ரெண்டு பேருகிட்டயும் ஒரே கெட்ட ஜீன் மறைஞ்சு இருந்து வர்ற நோய் இது, அடுத்த பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. (கிரகணத்தன்னிக்கு வெளிய போனா, பப்பாளி தின்னான்னு அண்ணிய பேசுறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. ரெண்டு பக்கமும் சமம்தான், அண்ணன யாரும் ஒரு வார்த்த கேக்கல.)

மிச்சப் பணம் பாப்பா படிக்கறதுக்கு இருக்கட்டும்னு கேக்கறேன். நாலு வயசு முடியப்போகுது, இன்னும் யாரும் அவ கையில ஒரு குச்சிய குடுத்து நடக்கப் பழக்கல, பணம் வந்ததும் பார்வை வந்துரும்னு எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டோம். வட்டார வள மையத்துல சிறப்பு ஆசிரியர் இருக்காங்க, பூந்தமல்லியில மத்திய அரசோட பார்வைக் குறைபாட்டு நிறுவனத்தோட மண்டல மையம் இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல அடையாள அட்டைக்கு எழுதிக் குடுக்கணும். பட்டறையில சலங்கைக் குண்டையும் கொக்கியையும் ஒரே தட்டுல கொட்டி வச்சா தடவித் தடவி தனித்தனியா பிரிச்சு வைக்கறா அவ. பிரெய்லுக்கு அந்த வெரலு போதாதா?

ரெண்டே வேலை கேக்கறேன். உண்டியல்ல ஒட்டியிருக்கற அவ அழுவுற போட்டோவ கிழிச்சிருங்க. வர்ற ஞாயித்துக்கிழமை காத்தால பத்து மணிக்கு கோயில் மண்டபத்துல வசூல் நோட்ட பிரிச்சு கணக்கு பாப்போம், பணம் அண்ணன் பேருல மட்டும் இல்லாம கமிட்டி ஆளு ரெண்டு பேரையும் சேர்த்து பேங்க்ல ஜாயிண்ட் அக்கவுண்ட்ல போடலாம். ஊசிக்குன்னுதான் குடுத்தேன், வேற எதுக்கும் குடுக்க மாட்டேன்னு நெனைக்கறவங்க தாராளமா திருப்பி வாங்கிக்கலாம், யாரையும் தப்பா நெனைக்க மாட்டோம், பேரும் தொகையும் நோட்டுல இருக்கு.