வேடர் சமூகத்துக்கு ஓர் ஆசனம்: மகஜருக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள உறவுகளுக்கு,

மட்டக்களப்பு மாவட்டத்தின் கோறளைப்பற்று வடக்கு பிரதேச சபையில், இலங்கையின் பழங்குடிகளான வேடர் சமூகத்துக்கென்று ஓர் ஆசனம் ஒதுக்க வேண்டும் எனக் கேட்கும் எங்கள் மகஜர் (கோரிக்கை மனு) கையளிக்கப்பட்டுவிட்டது. பதில் எப்போது வருமோ தெரியாது. ஆனால் நன்றி சொல்வதற்குப் பதில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

முதலில் மட்டக்களப்பு நகரிலிருந்து காசு எதுவும் வாங்காமல் வந்து போன சட்டத்தரணி ஐயாவுக்கு. உள்ளூராட்சித் தேர்தலில் தனியாள் ஒருவர் நிற்க வழியில்லை. கட்சியோ சுயேச்சைக் குழுவோ முழுச் சபைக்கும் பெயர் கொடுத்தாக வேண்டும். நாலைந்து கிராமங்களில் சிதறி வாழும் எங்களால் அப்படி ஒரு பட்டியலை நிரப்புவது எப்படி? பெரிய கட்சிகளின் பட்டியலிலும் எங்கள் ஆட்களுக்கு இடம் கிடைப்பது அருமை. இதையெல்லாம் அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அப்புறம் 2017 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க உள்ளூராட்சித் தேர்தல் திருத்தச் சட்டத்தைக் காட்டினார். உறுப்பினர்களில் 25 சதவீதம் பெண்களாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆக, ஒதுக்கீடு என்பது இந்த நாட்டுக்குப் புதிய விஷயம் அல்ல. பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு 2007 இல் இலங்கை ஆதரவாக வாக்களித்ததையும் மகஜரில் சேர்க்கச் சொன்னவர் அவர்தான்.

நீலகிரியிலிருந்து வாட்ஸ்அப்பில் எங்களுடன் பேசிய அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது! பழங்குடி ஆசனத்தில் வென்று ஊராட்சி உறுப்பினராக இருந்தவர் அவர். இந்தியாவில் 73 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபிறகு, ஊராட்சிகளில் மக்கள்தொகைக்கு ஏற்றபடி பழங்குடியினருக்கு ஆசனங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றில் மூன்றில் ஒன்றுக்குக் குறையாமல் பழங்குடிப் பெண்களுக்கு. பழங்குடிகள் செறிந்து வாழும் சில மாநிலப் பகுதிகளில் ஊராட்சி முறையை அங்கே விரிவாக்கிய 1996 ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதிக்குக் குறையாத ஆசனங்களும் தலைவர் பதவிகள் முழுவதும் அவர்களுக்கே. தமிழ்நாட்டுக்கு அந்தச் சட்டம் இல்லை என்று சொல்லும்போது அக்காவின் குரலில் வருத்தம் தெரிந்தது. ஒதுக்கிய வட்டாரம் சுழற்சியில் மாறிவிடும், ஒருமுறை வென்றவர் அடுத்தமுறை பொது ஆசனத்தில் போராட வேண்டியிருக்கும் என்பதையும் அவர் எங்களிடம் மறைக்கவில்லை.

அவர் சொன்னவற்றில் எங்களுக்கு மிகவும் உதவியது ஒன்று. ஒதுக்கிய ஆசனத்தில் பழங்குடியினர் மட்டுமே போட்டியிடலாம், வாக்களிப்பதோ அந்த வட்டாரத்தில் உள்ள எல்லோரும். தங்கள் வாக்கு போய்விடுமோ என்று தயங்கிய பக்கத்து ஊர்க்காரருக்கு இதைச் சொன்னதும் பேச்சே மாறிவிட்டது. கதிரவெளி, பால்சேனைப் பக்கத்திலிருந்து மீன்பிடிச் சகோதரர்கள் வந்து கையெழுத்து வைத்தார்கள். அந்த ஆசனத்தால் அவர்களுக்கு நேரடி லாபம் எதுவும் இல்லை. அதனால்தான் அந்தக் கையெழுத்துகளை மகஜரில் முதற்பக்கத்தில் வைத்தோம்.

மக்கள்தொகைக்கு ஏற்ற ஒதுக்கீடு என்றால் முதலில் தொகை தெரிய வேண்டும் அல்லவா? 2012 குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளில் எங்களுக்கென்று ஒரு வரிசை இல்லை. தமிழர் என்றோ ஏனையோர் என்றோ போய்விடுகிறோம். எண்ணிக்கையே இல்லாத சனத்துக்கு எந்தக் கணக்கில் ஆசனம் தருவது என்று கேட்டால் என்ன சொல்வது? அதனால் வீடு வீடாகப் போய், விரும்பியவர்களின் பெயரை மட்டும் எழுதிய பிள்ளைகளுக்கு எங்கள் பெரிய நன்றி. மதுரங்கேணிக்குளம், குஞ்சங்குளம் என்று வெயிலில் அலைந்த வேலை அது. யாரையும் வற்புறுத்தாதீர்கள் என்றோம், அப்படியே நடந்துகொண்டார்கள்.

பெயர் கொடுத்த மூத்தவர்களை எப்படி மறப்பேன்! பள்ளிக்கூடத்தில் "வேடன்" என்று கேலி கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். பிள்ளைகளுக்கும் அந்தக் கேலி வேண்டாம் என்று எத்தனையோ வருஷம் வாய்திறக்காமல் இருந்தார்கள். போரில் இடம்பெயர்ந்து, சுனாமியில் உறவுகளை இழந்து, காட்டுக்குள் தேன் எடுக்கப் போகவும் தடை வந்தபிறகு, சபையில் எங்களுக்காகக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். ஒரு பெத்தா (பாட்டி) தன் பெயரோடு, இறந்துபோன தன் தாயின் பெயரையும் எழுதச் சொன்னார். பட்டியலில் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் இடம் என்பதால், அந்தப் பெயரை மகஜரின் முன்னுரையில் சேர்த்திருக்கிறோம்.

பிரதிகள் எடுத்துத் தந்த கடைக்காரத் தம்பி, கூட்டத்துக்கு மண்டபம் திறந்துவிட்ட மாதர் சங்கத்து அக்காமார், பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி ஆட்களை ஏற்றி இறக்கிய ஓட்டோ அண்ணா, உங்கள் எல்லோருக்கும் நன்றி.

மகஜரின் ஒரு பிரதி ஊர் வாசிகசாலையில் இருக்கிறது. கையெழுத்து வைக்கத் தவறியவர்கள் அங்கே வந்து வைக்கலாம். இரண்டாம் தொகுதியாக அனுப்பி வைப்போம்.

நன்றியுடன்,
வாகரைப் பகுதி வேடர் கிராமங்களின் சார்பில்