அந்தக் காலத்து ஃபிளாஷ் கார்ட்டூன்களும் அசிங்க நகைச்சுவையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையத்தின் ஆரம்பகாலக் கார்ட்டூன்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். டிவிக்காரர்களின் கத்தரி இல்லாததால் அசிங்க நகைச்சுவை தானாக வந்தது, அதுதான் சுதந்திரம் என்ற தொனியில் எழுதியிருந்தார்கள். இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கத்தரி இல்லை, சரி. ஃபிளாஷ் என்ற அசைபட மென்பொருளில் செய்த படம் சின்ன ஃபைலாக இருக்கும், டெலிபோன் லைனில் கூட இறங்கிவிடும், அதனால் யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து செய்து உலகத்துக்கே காட்டலாம். 'ஜோ கார்ட்டூன்' என்ற இணையதளத்தின் மிக்ஸித் தவளை அப்படித்தான் பரவியது. உள்ளே இருக்கும் தவளை நம்மைத் திட்டிச் சீண்டும், நாம் ஒவ்வொரு பட்டனாக வேகத்தைக் கூட்டிக் கடைசியில் அதை அரைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் 'ஹேப்பி ட்ரீ ஃபிரெண்ட்ஸ்' என்ற தொடர் விஷயத்தில் கோபம் இன்னும் தீரவில்லை. பொம்மை மாதிரி முயலும் அணிலும் ஆடிப்பாடுவதைப் பார்த்து, அக்காவின் ஐந்து வயது மகளுக்கு நானே போட்டுக் காட்டினேன், இரண்டாவது நிமிடத்தில் குடல் வெளியே வந்தது. சிறு குழந்தைகளுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்ததாம். அந்த உருவங்களைப் பார்த்த பிறகு அதை யார் தேடிப் படிப்பார்கள்?

அதைவிட மோசம் 2000இல் ஐஸ்பாக்ஸ் என்ற இணையதளம் வெளியிட்ட 'மிஸ்டர் வாங்'. மஞ்சள் தோல், துருத்திய பல், தட்டுத்தடுமாறும் ஆங்கிலம் என ஒரு வயதான சீன வேலைக்காரரை வைத்தே முழுத் தொடரும். அமெரிக்காவில் வாழும் ஆசியர்கள் எதிர்த்தார்கள், நியாயம்தானே? அந்தக் கேலிக்கும் சுதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?

இத்தனைக்கும் அதே 2000இல், அதே ஃபிளாஷை வைத்து, அட்லாண்டாவில் மைக், மேட் சாப்மன் சகோதரர்கள் 'ஹோம்ஸ்டார் ரன்னர்' தளத்தைத் தொடங்கினார்கள். கெட்ட வார்த்தை இல்லை, ரத்தம் இல்லை, விளம்பரம் கூட வாங்கவில்லை, டீ-ஷர்ட் விற்றே பிழைத்தார்கள். அதில் வரும் ஸ்ட்ராங் பேட் என்ற பாத்திரம் குத்துச்சண்டைக் கையுறையோடு உட்கார்ந்து ரசிகர்களின் மின்னஞ்சலுக்குப் பதில் தட்டுவதை என் வீட்டில் மூன்று தலைமுறையும் ஒன்றாகப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். உங்கள் கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

2020 முடிவோடு அடோபி ஃபிளாஷை நிறுத்திவிட்டது, ஆனாலும் ரஃபிள் என்ற மென்பொருள் மூலம் பழைய படங்கள் பலவற்றை இன்னும் பார்க்கலாம். அடுத்த இதழில் சாப்மன் சகோதரர்களைப் பற்றியும் எழுதுங்கள், ஒரு பக்கமாவது.

அன்புடன்,
ஒரு பழைய வாசகர்