ஹெல்மெட் அபராதத்தில் விட்டுப்போன ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரத் தலையங்கத்தில் "ஹெல்மெட் விஷயத்தில் மக்களுக்கு இன்னும் விழிப்புணர்வு வரவில்லை" என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அதே இதழின் மூன்றாம் பக்கத்தில் எங்கள் ஊர் விழிப்புணர்வுப் பேரணியின் படம் இருந்தது. முன்வரிசையில் புல்லட்டில் வந்த பிரமுகர்கள் தலையில் ஒன்றுமில்லை. முகம் படத்தில் விழ வேண்டாமா?

ஹெல்மெட் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. என் மைத்துனர் இன்று நடமாடுவதே அதனால்தான். 2015 ஜூலையில் உயர் நீதிமன்ற உத்தரவு நடைமுறைக்கு வந்ததிலிருந்து போடுகிறேன். போன மாதம் எங்கள் கடைப் பையன் சரக்கு கொடுத்துவிட்டு வெறுந்தலையோடு வந்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் மடக்கினார்கள். ஆயிரம் ரூபாய். சரி, கட்டினோம். செலான் போட்டவருடைய வண்டி பக்கத்திலேயே நின்றது. கண்ணாடியில் ஹெல்மெட் தொங்கியது. அதற்குள் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு. வேலை முடிந்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொப்பியோடு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவில் தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்கு உண்டு. காக்கித் தொப்பிக்கு உண்டு என்று நான் பார்க்கவில்லை. போதாததற்கு 2019 திருத்தத்தில் 210பி என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். சட்டத்தை அமல்படுத்துகிறவரே அதை மீறினால் அபராதம் இரண்டு மடங்கு. உங்களுக்குத் தெரியாததா? 2022-இல் தமிழ்நாட்டில் அபராதத்தை உயர்த்தியபோது எதற்கு எவ்வளவு என்று பெரிய அட்டவணை போட்டீர்களே, அதில் இந்த ஒரு வரிக்கு மட்டும் இடமில்லாமல் போய்விட்டது.

இது இன்று நேற்று வந்த கோபமில்லை. 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை என்றார்கள். கடைக்கு வந்து கேரி பேக்கை அள்ளிக்கொண்டு போனார்கள். அப்புறம் வியாபாரிகளைக் கூப்பிட்டு, "நீங்கள்தான் முன்மாதிரியாக இருக்க வேண்டும்" என்று மேடையில் ஒரு மணி நேரம் பேச்சு. கீழே எங்களுக்கு டீ வந்தது பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பில். அதுவும் அந்த 14-இல் ஒன்று! குடித்த கப்பை எங்கே போடுவது என்று தெரியாமல் பக்கத்துக் கடை அண்ணாச்சி கூட்டம் முடிகிறவரை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு மஞ்சப்பை வந்தது. நல்ல பைதான், குறை சொல்ல மாட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு படமெடுத்த பெரிய மனிதர்கள் ஒருவரையும் சந்தையில் அந்தப் பையோடு பார்த்ததில்லை.

இந்த இடத்தில் கக்கனையும் சாஸ்திரியையும் இழுப்பார்கள். நான் இழுக்கவில்லை. அரசு மருத்துவமனைச் சாதாரண வார்டில் படுத்திருந்த முன்னாள் அமைச்சரையும், நாட்டைக் கேட்கும் முன் தன் வீட்டில் ஒருவேளைச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்த பிரதமரையும் வருஷா வருஷம் நீங்களே போட்டுவிடுகிறீர்கள். படித்துப் படித்து எங்களுக்கு விழிப்புணர்வு நிரம்பி வழிகிறது. அந்தப் பக்கங்களை அதிகாரிகளின் மேஜைகளுக்கும் அனுப்பலாமே.

நான் கேட்பது சின்ன உதவி. 210பி-யை நல்ல தமிழில், பெரிய எழுத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வெட்டி எடுத்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டிக்கொள்கிறேன்.

பெயரும் முகவரியும் தனித்தாளில் இருக்கின்றன. அச்சில் வேண்டாம். தினமும் அந்தப் பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் கடைக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரன்